மாசாணியின் ஜாமும் மூன்று சொட்டுத் தண்ணீரும்

மாசாணியம்மாளைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை கிடையாது. இருந்தாலும் எழுதுகிறேன். அவள் செய்யாத தப்பு ஒன்று எட்டு வருஷம் அவள் பேரில் கிடந்தது. செய்தவள் நான்.

காரமடையில் என் மாமனார் கோவிந்தராஜுலு வீட்டுக்கு நான் மருமகளாகப் போனது ஐம்பத்தேழில். மாசாணி அங்கே மாட்டுக் கொட்டகையில் வேலை பார்த்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். சாணி அள்ளுவாள், தீனி வைப்பாள், மாடு குளிப்பாட்டுவாள். பால் மட்டும் கறக்கக் கூடாது.

அதற்கு முன்னால் பத்து வருஷம் குன்னூரில் ஒரு தேயிலைத் தோட்டத்துத் துரை வீட்டுச் சமையல்கட்டில் இருந்தவள் அவள். ரொட்டி சுடுவாள், சூப்பு வைப்பாள், முட்டையை நுரை பொங்க அடித்து என்னென்னவோ செய்வாள் என்று சொல்வார்கள். துரை சீமைக்குக் கப்பலேறிவிட்டார். தோட்டத்தை வாங்கியவர்கள் தங்கள் சமையல்காரனோடு வந்தார்கள். அவள் புருஷனும் மலையிலேயே காய்ச்சல் கண்டு போய்ச் சேர்ந்தான். கீழே இறங்கி வந்தவளுக்குக் கிடைத்தது எங்கள் வீட்டுச் சாணிக்கூடை.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. மாசாணி கொண்டுவந்து வைக்கிற எதையும் தண்ணீர் தெளித்துத்தான் உள்ளே எடுப்போம். விறகானாலும் சரி, முருங்கைக்காயானாலும் சரி. என் மாமியார் பங்காரம்மா செம்பில் விரலை நனைத்து மூன்று முறை தெளிப்பார். தீட்டு போயிற்று என்று அர்த்தம். அவருக்கு உடம்பு முடியாத நாட்களில் நான் தெளிப்பேன். அது ஏன் என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. எனக்கு எல்லாவற்றையும் கேள்வி கேட்கிற வாய் உண்டு என்று பிறந்த வீட்டில் பேர். அந்த வாய் இதற்கு மட்டும் திறக்கவே இல்லை.

ஐம்பத்தெட்டு மாசி மாதம். மாமனாரும் கூட்டாளிகளும் கோயமுத்தூருக்குப் பக்கத்தில் ஒரு நூல் மில் கட்டிக்கொண்டிருந்தார்கள். மிஷின் பூட்ட ஒரு வெள்ளைக்கார இஞ்சினியர் வருவதாக இருந்தது. அவர் தங்குவதற்கு மில்லுக்குள்ளேயே கெஸ்ட் ஹவுஸ். அங்கே சமைக்க ஆள் வேண்டும். மாமனாருக்கு மாசாணி ஞாபகம் வந்தது. சாப்பிடப்போவது வெள்ளைக்காரன், அவனுக்கு எந்தக் கை சமைத்தால் என்ன என்பது அவர் கணக்கு. இஞ்சினியர் முதலில் எங்கள் வீட்டுக்குக் காலை ஆகாரத்துக்கு வருவார், அன்றைக்கு மாசாணி செய்த ஜாமை ரொட்டியோடு வைப்போம், அவருக்குப் பிடித்தால் வேலை அவளுக்கு என்று முடிவாயிற்று.

வேலையோடு மில் லைன் வீடுகளில் ஒரு அறை உண்டு, வாசலில் குழாய் உண்டு. ஆனால் மாசாணி அதையெல்லாம் பேசவில்லை. "மறுக்கா அடுப்பு முன்னால நிக்கலாமுங்க" என்று மட்டும் என்னிடம் சொன்னாள்.

காரமடைத் தேர் முடிந்த வாரம், மலை ரயிலில் இறங்கிய ஸ்ட்ராபெரிக் கூடை ஒன்று மேட்டுப்பாளையத்திலிருந்து வந்தது. சமையலறைக்குள் அவளை விடமாட்டார்கள். கொட்டகைக்குப் பின்னால் புளியமரத்தடியில் மூன்று கல் வைத்து அடுப்புக் கூட்டினாள். நான் அப்போது மூன்று மாதம். சோறு வேகிற வாசனைக்கே குமட்டுகிறது என்று பின்கட்டுப் படியில் போய் உட்கார்ந்திருந்தேன், அதனால் எல்லாவற்றையும் பார்த்தேன்.

ஒவ்வொரு பழமாகக் காம்பைக் கிள்ளினாள். எனாமல் சட்டியில் போட்டுக் கையாலேயே பிசைந்தாள். பழம் எவ்வளவோ அதற்குக் கொஞ்சம் குறையச் சர்க்கரை. அது கரைந்து கொதி வந்ததும் எலுமிச்சம்பழம் இரண்டு பிழிந்தாள். மேலே வந்த நுரையை வழித்து வழித்து எறிந்தாள். நம் பாகு மாதிரி தண்ணீரில் விட்டு உருட்டிப் பார்க்கவில்லை. ஈர மணலில் குளிர வைத்திருந்த தட்டில் ஒரு சொட்டு விட்டு, சற்றுப் பொறுத்து விரலால் தள்ளினாள். மேல் தோல் சுருங்கியது. சட்டியை இறக்கிவிட்டாள். சுடுதண்ணீரில் வேகவைத்து வெயிலில் காயவைத்த சீசாவில் சூட்டோடு ஊற்றி, வெள்ளைத் துணியால் வாய்கட்டினாள். ஒரு கூடைப் பழம், ஒரே ஒரு சீசா ஜாம்.

"மெழுகு ஊத்தி மூடுனா வருசம் இருக்குமுங்க. இது சும்மா துணி கட்டுனது, ரெண்டு வாரம் தாங்கும். சொட்டுத் தண்ணி மட்டும் படக் கூடாதுங்க பெரியம்மணி" என்றாள் மாமியாரிடம். நான் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

சீசாவைக் கொட்டகையை ஒட்டிய சாமான் அறையில் வைத்தார்கள். இஞ்சினியர் வர இன்னும் பத்து நாள் இருந்தது.

மசக்கைக்காரியின் நாக்கு வெட்கம் கெட்டது. இரண்டு வாய்ச் சோறு தங்காத எனக்கு அந்தப் புளிப்பும் இனிப்பும் கலந்த வாசனை கனவில்கூட வந்தது. மூன்றாம் நாள் மத்தியானம் எல்லாரும் படுத்திருந்த நேரம் போய்த் துணியை அவிழ்த்தேன். கரண்டியை விடப் போகும்போது கை நின்றது. வயிற்றில் பிள்ளையை வைத்துக்கொண்டு மாசாணி கையால் பிசைந்ததைத் தின்பதா என்று பயம் வந்தது. தின்னாமலும் இருக்க முடியவில்லை.

செம்பை எடுத்து, விரலை நனைத்து, ஜாமின்மேல் மூன்று முறை தெளித்தேன். அப்புறம் நிம்மதியாகத் தின்றேன்.

நாலு நாள் அப்படி ஒவ்வொரு கரண்டி தின்றுவிட்டுத் துணியைப் பழையபடி கட்டிவைத்தேன். நாலு நாளும் தெளித்தேன். ஐந்தாம் நாள் மசக்கை எலுமிச்சங்காய்ப் பக்கம் திரும்பிவிட்டது, நானும் சீசாவை மறந்துவிட்டேன்.

இஞ்சினியர் வந்தார். மாமியார் எல்லார் முன்னாலும் துணியை அவிழ்த்தார். சிவப்புக்கு மேலே பச்சையும் வெள்ளையுமாகப் பூசணம் பூத்துக் கிடந்தது. வந்தவர் பெரிய மனிதர், சிரித்துக்கொண்டே வாழைப்பழத்தை உரித்துத் தின்றார். மாமனாருக்கு முகம் செத்துப்போயிற்று.

இஞ்சினியர் போனதும் மாமியார் பின்கட்டுக்கு வந்து சீசாவைச் சாணிக்குழியில் கவிழ்த்தார். அந்தக் கை பட்டால் எது விளங்கும் என்று எங்கள் தெலுங்கில் சொன்னார். மாசாணிக்குத் தெலுங்கு தெரியாது என்று நினைப்பு. அத்தனை வருஷம் எங்களோடு இருந்தவளுக்கு அது கூடவா புரியாது?

"சீசாவை நல்லாக் காய வெச்சுத்தானுங்க ஊத்துனேன். எப்படின்னே தெரியலீங்களே" என்றாள். ஆளாளுக்கு முகத்தைப் பார்த்தாள். என்னையும் பார்த்தாள். நான் என் கால் விரலைப் பார்த்தேன்.

ஏன் வாய் திறக்கவில்லை என்றால், உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். திருடித் தின்றேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை, மசக்கைக்காரி என்று சிரித்து விட்டுவிடுவார்கள். அவள் கையால் செய்ததைத் தின்றேன் என்று சொல்லத்தான் வெட்கமாக இருந்தது. இன்றைக்கு அந்த வெட்கத்தை நினைத்தால் உடம்பு கூசுகிறது.

கெஸ்ட் ஹவுஸுக்குப் பாலக்காட்டிலிருந்து ஒரு ஆள் வந்தான். மாசாணியின் கை ஆகாத கை என்று பேர் நிலைத்துவிட்டது. அடுத்த மாதம் பசு கன்று போடும் சமயம், அவள் பக்கத்தில் வரவேண்டாம் என்று மாமியார் வேலையை விட்டே நிறுத்திவிட்டார். மாசாணி ஊரை விட்டே போய்விட்டாள். எனக்குப் பெண் பிறந்தது. எல்லாரும் கொஞ்சினார்கள்.

எட்டு வருஷம் ஓடிற்று. மாமியாரும் காலமாகிவிட்டார். ஒரு நாள் எங்கள் வண்டிக்கார மருதாசலம் புளி இறக்க வந்தவர், பேச்சோடு பேச்சாக மாசாணியைக் கண்டதாகச் சொன்னார். கோயமுத்தூர் உக்கடத்தில் ஒரு குடோனில் கழிவுப் பஞ்சு பிரிக்கிறாளாம். அங்கே ரொட்டிக்கடை வைத்திருக்கிற அமீர் ஹம்சா என்பவர், துரை வீட்டில் இருந்தவள் என்று தெரிந்து, கடைக்கு ஜாம் போட்டுத்தரக் கூப்பிட்டாராம். "எங் கையில பண்டம் நிக்காதுங்க" என்று மறுத்துவிட்டாளாம்.

மறுநாள் காந்திபுரத்தில் துணி எடுக்க வேண்டும் என்று வீட்டில் பொய் சொல்லிவிட்டு உக்கடத்துக்குப் பஸ் ஏறினேன். உண்மையைச் சொல்லப் போகிற வழியிலும் ஒரு பொய். என் லட்சணம் அப்படி.

மருதாசலம் சொன்ன அடையாளப்படி குளத்துக்குப் பின்னால் ஓட்டு வீடு. தலையில் பஞ்சுத் தூசியோடு இருந்தவள் என்னை உடனே கண்டுகொண்டாள். "வாங்க அம்மணி" என்று பாய் விரித்தாள். எங்கள் சீமையில் ஆளுக்கெல்லாம் 'ங்க' போட்டுப் பேசுவது வழக்கம், மாசாணிக்கு மட்டும் நான் போட்டதில்லை. வழியெல்லாம் அதைச் சொல்லிப் பழகிக்கொண்டு போயும், என் வாயில் "நல்லா இருக்கியா" என்றுதான் வந்தது.

மேல் தட்டிலிருந்து ஒரு டம்ளரை எடுத்து என் கண்ணெதிரே சாம்பல் போட்டுத் தேய்த்தாள். "உங்களாட்ட ஆளுக வந்தாக் குடுக்கறதுக்குன்னே வெச்சதுங்க. நாங்க இதுல வாய் வெக்கறதில்லீங்க" என்று சொல்லிக் காப்பியை ஊற்றி, தள்ளி வைத்தாள். பக்கத்தில் ஒரு செம்பில் தண்ணீரும் வைத்தாள்.

நான் சொன்னேன். சாமான் அறை, கரண்டி, செம்பு, மூன்று சொட்டு, ஒன்றையும் விடவில்லை.

"எத்தனை நாளுங்க?" என்று கேட்டாள்.

"நாலு நாள்."

"நாலு நாளும் தெளிச்சீங்களா?"

"தெளிச்சேன்."

அவள் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். "எலுமிச்சம்பழம் பத்தலையோன்னு நெனச்சுட்டு இருந்தனுங்க. அப்பறம், பதம் வாரதுக்கு முந்தி எறக்கிப்போட்டனோன்னு. எட்டு வருசமா இதேதானுங்க நெனப்பு" என்றாள்.

என்னை மன்னித்துவிடு என்று சொல்ல வாய் எடுத்தேன். அவள் காப்பியைக் காட்டினாள்.

"ஆறுதுங்க. செம்பு பக்கத்துலதான் இருக்குதுங்க அம்மணி. தெளிச்சுக்கறதுன்னாத் தெளிச்சுக்குங்க."

குரலில் கோபமே இல்லை. மரியாதை ஒரு எழுத்துக் குறையவில்லை. நான் டம்ளரை எடுத்துக் குடித்தேன். காப்பி நன்றாக இருந்தது. அதைச் சொல்ல நினைத்தேன், சொல்ல நான் யார் என்று தோன்றியது. வருகிறேன் என்று மட்டும் சொல்லி எழுந்தேன்.

தெருமுனையில் திரும்பிப் பார்த்தேன். வாசலில் குத்தவைத்து அந்த டம்ளரைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.