நசுங்கல் கடைப் பெருங்காயம்

முழு விலை கொடுத்து ஒரு சாமானை வாங்கும்போது எனக்கு உடம்பில் எங்கோ வலிக்கும். என் மனைவி இதை வியாதி என்கிறாள். நான் அதைத் திறமை என்றே நம்பிக்கொண்டிருந்தேன். அந்தப் பெருங்காய டின் வீட்டுக்கு வந்த பிறகு இரண்டு பேர் சொல்வதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது என்று ஒப்புக்கொண்டேன். எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டதால்தான் இதைச் சிரித்துக்கொண்டு எழுத முடிகிறது.

நான் பழவங்காடியில் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிறேன். கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், கம்பெனி காலண்டர் எல்லாம் என் கண்ணைத் தாண்டித்தான் மெஷினுக்குப் போகும். அச்சகத்திலிருந்து சாலைக் கம்போளம் என்கிற பெரிய சந்தைப் பக்கம் நடந்தால் ஒரு சந்துக்குள் அந்தக் கடை இருக்கிறது. பெரிய சூப்பர் மார்க்கெட்டுகள் கழித்துவிடும் சரக்கு எல்லாம் அங்கே வந்து சேரும். பெட்டி நசுங்கியது, மூடி கோணியது, தேதி முடிய மூன்று வாரமே மிச்சம் இருப்பது. பலகையில் ஏதோ பெரிய பெயராக எழுதியிருக்கிறது. எங்கள் வீட்டில் அதற்கு நசுங்கல் கடை என்றுதான் பெயர்.

அங்கே நான் கண்டெடுத்தவற்றைச் சொல்ல ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன். ஜனவரி கடைசியில் கிறிஸ்துமஸ் பிளம் கேக், கால் விலைக்கு. ஓணத்துக்கு விற்காமல் போன பாயச மிக்ஸ், ஒன்று வாங்கினால் இரண்டு. லேபிள் பாதி கிழிந்த ஆலிவ் எண்ணெய் ஒரு லிட்டர். அதை அவியலில் ஊற்றிப் பார்த்துவிட்டு என் மனைவி, "இத உங்க முட்டியில தேச்சுக்கிடுங்க" என்றாள். தேய்த்தேன், நன்றாகவே இருந்தது. பாத்திரம் தேய்க்கிற சோப்பை மட்டும் தேதி பார்க்காமல் வாங்குவேன். சோப்பு கெட்டுப்போய் யார் பார்த்திருக்கிறார்கள்?

எங்கள் மகளுக்கு ஏழு வயதானபோது அந்தக் கடை எனக்குப் பொழுதுபோக்கு என்பது போய் அவசியம் ஆகிவிட்டது. அவள் எடை ஏறவில்லை. எதைத் தின்றாலும் வயிறு உப்பும், பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் சோர்ந்து படுத்துக்கொள்வாள். ஆஸ்பத்திரிக்கும் லேபுக்கும் பல நடை நடந்த பிறகு டாக்டரம்மா சொன்னார், கோதுமை இவள் குடலுக்கு ஆகாது, ஆயுசுக்கும் ஆகாது. கோதுமை உள்ளே போகாமல் இருந்தாலே போதும், குடல் தானாகத் தேறிவிடும், வேறு மருந்தே வேண்டாம் என்றார். தவிர்க்க வேண்டியவற்றை ஒரு தாளில் அச்சடித்துக் கொடுத்தார். அதன் கடைசி வரி, 'கடையில் வாங்கும் எதையும் படித்துப் பார்த்து வாங்கவும்.' அச்சில் பிழை ஏதும் இல்லை என்பதையும் நான் கவனித்தேன்.

நாங்கள் நாகர்கோவில் பக்கத்திலிருந்து இந்த மலையாள ஊருக்கு வந்த குடும்பம், மூன்று வேளையும் சோறு கொடுத்தால் மறுக்காமல் சாப்பிடுகிறவர்கள். கோதுமைக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று முதலில் தைரியமாகத்தான் இருந்தேன். பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு அடுக்களையைப் பார்த்தபோது தலை சுற்றியது. ரவை, சேமியா, மைதா, ரஸ்க், பிஸ்கட், சாயங்காலம் வாங்கிவரும் பப்ஸ், ஞாயிற்றுக்கிழமைப் பரோட்டா. எல்லாவற்றையும் ஒரே நாளில் வெளியேற்றினோம். அவளுக்கு இல்லாதது எங்களுக்கும் வேண்டாம் என்று மனைவி சொல்லிவிட்டாள். நான் பரோட்டாவை நினைத்து ரகசியமாக வருத்தப்பட்டேன்.

கோதுமை இல்லாத பிஸ்கட் என்று தனியாக விற்கிறார்கள். ஒரு பாக்கெட்டின் விலைக்கு நாலு பேர் ஹோட்டலில் சாப்பாடு சாப்பிடலாம். ஆனால் அதை இந்த ஊரில் வாங்குகிறவர்கள் குறைவு. தேதி நெருங்கியதும் நேராக நசுங்கல் கடைக்கு வந்துவிடும். என்னைத் தவிர அதைச் சீண்டுவாரில்லை. கடைக்காரர் எனக்கென்றே ஒரு தட்டை ஒதுக்கிவிட்டார். "அண்ணாச்சி, பிள்ளைக்குள்ள சாதனம் வந்திருக்கு" என்று போன் செய்வார்; இங்கே சாதனம் என்றால் சாமான். கால் விலைக்கு வாங்கிய ஒவ்வொரு பாக்கெட்டையும் திருப்பித் திருப்பிப் படிப்பேன். கடுகு போன்ற எழுத்தையும் விடமாட்டேன், என் தொழிலே அதுதானே. இந்தக் கடை இல்லாவிட்டால் என் மகள் பிஸ்கட்டை மறந்திருப்பாள். அந்த நன்றி எனக்கு இன்றும் உண்டு.

அப்படி ஒரு நாள் போனபோதுதான் அந்த டின்னைக் கண்டேன். ஹோட்டல்களுக்கு விற்கும் பெரிய பெருங்காய டின், ஒரு பக்கம் நன்றாக நசுங்கியிருந்தது. "பகுதி விலைக்குத் தாறேன், எடுத்துக்கிடுங்க" என்றார் கடைக்காரர். இங்கே பகுதி என்றால் பாதி. நான் யோசிக்கவே இல்லை. வீட்டுக்கு வந்து அதை மேஜை நடுவில் வைத்துவிட்டு மனைவி பாராட்டுவாள் என்று காத்து நின்றேன்.

"இத தீக்கதுக்குள்ள பிள்ளைக்குக் கல்யாண வயசு ஆயிரும்" என்றாள்.

தீர்த்துக் காட்டுகிறேன் என்று எனக்கு வீம்பு வந்துவிட்டது. எங்கள் வீட்டில் சாம்பார் என் பொறுப்பு. அதுவரை பார்த்துப் பார்த்துப் போட்ட பெருங்காயத்தை அள்ளிப் போட ஆரம்பித்தேன். சாம்பார், ரசம், மோர், பயறுத் துவரன், எதையும் விடவில்லை. படியேறும்போதே மணக்கிறது என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் சொல்லும்போது உச்சி குளிர்ந்துபோகும். எனக்குக் கிடைத்த சரக்குகளிலேயே சிறந்தது இதுதான் என்று அச்சகத்தில் எல்லோரிடமும் பீற்றிக்கொண்டேன்.

மகள் மட்டும் தேறவில்லை. முதலில் கொஞ்சம் சரியானது போல இருந்த வயிறு மறுபடி உப்பியது. ஆறு மாதம் கழித்து இரத்தம் சோதித்தார்கள். கோதுமையால் இரத்தத்தில் கூடியிருந்த அளவு குறையவே இல்லை. எடை முக்கால் கிலோ இறங்கியிருந்தது. டாக்டரம்மா தாளைக் கீழே வைத்துவிட்டு, எங்கோ வழியாகக் கோதுமை உள்ளே போகிறது, தேடிப் பாருங்கள் என்றார். தேடியும் கிடைக்காவிட்டால் இது வேறு வகை, பலமான மருந்துகள் கொடுக்க வேண்டியிருக்கும், வளர்கிற பிள்ளைக்கு அதைக் கொடுக்கத் தமக்கு இஷ்டமில்லை என்றும் சொன்னார். மறுபடி சோதிக்க மூன்று மாதம் தவணை கொடுத்தார். அன்று எனக்கு வந்த பயத்தை நான் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை.

பயம் எனக்குக் கோபமாகத்தான் வெளியே வரும். வீட்டில் கோதுமையே இல்லை, பாக்கெட்டுகளை எல்லாம் நான் படித்துத்தான் வாங்குகிறேன், அப்படியானால் பள்ளிக்கூடத்தில் இவள் யாரிடமோ வாங்கித் தின்கிறாள் என்று முடிவு கட்டினேன். அன்று சாயங்காலமே அவள் பையைக் கவிழ்த்துக் கொட்டினேன். பென்சில் டப்பாவுக்குள் நாலாக மடித்த கவர் ஒன்று இருந்தது, ஆரஞ்சு கிரீம் பிஸ்கட்டின் கவர்.

"இது என்ன?"

"கூட்டுக்காரி தின்னுட்டுத் தந்தா. நான் திங்கல்லப்பா."

"திங்காம கவர் எதுக்கு?"

"மணத்துக்காக்கும். இடைக்கிடைக்கு மணத்திப் பாப்பேன்."

"கள்ளம் சொல்லாத" என்று கத்தினேன். என் மகளிடம் அவ்வளவு சத்தமாக நான் பேசியதில்லை. மனைவி வந்து தடுத்தாள். கவரைக் கசக்கிக் குப்பையில் போட்டேன். பிள்ளை அழவில்லை, கீழே கிடந்த பென்சில்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி டப்பாவில் அடுக்கினாள். அன்று இரவுச் சோற்றுக்கு நான் வைத்த சாம்பாரை ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்தாள்.

மூன்று வாரம் கழித்து டின் காலியானது. கடைசிப் பொடியைத் தட்டிப் போட்டுவிட்டு, ஜெயித்தேன் பார்த்தாயா என்று மனைவியிடம் சொன்னேன். மறுநாளே அடுத்த டின்னுக்குப் போனேன். கடையில் இரண்டு வகை இருந்தன. ஒன்று நான் வாங்கிய அதே நசுங்கிய டின். பக்கத்தில் சின்ன டப்பா ஒன்று, அளவோ பாதிகூட இல்லை, விலையோ அதிகம், தள்ளுபடி செய்த பிறகும். எனக்கு மூக்கின்மேல் கோபம் வந்தது. பெருங்காயம் பெருங்காயம்தானே, இதில் என்ன தங்கமா கலந்திருக்கிறது?

டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன். முன்பக்கமே பெரிதாகப் போட்டிருந்தது, அரிசி மாவு சேர்த்தது என்று.

பெருங்காயத்தில் எதற்கு அரிசி மாவு? சரி, இதில் அரிசி மாவு என்றால் அதில் என்ன? பெரிய டின்னைக் கையில் எடுத்தேன். விலைச் சீட்டு சரியாக அந்த இடத்தின் மேல் ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டி உரித்தேன். பிசின், கோதுமை மாவு, பெருங்காயம். அந்த வரிசையில்தான் இருந்தது. பெருங்காயத்துக்கு மூன்றாவது இடம்.

சீட்டைக் குறை சொல்ல மாட்டேன். அது ஒட்டாமல் இருந்திருந்தாலும் நான் படித்திருக்க மாட்டேன். பிஸ்கட்டைப் படிப்போம், மிட்டாயைப் படிப்போம், பிறந்தது முதல் தின்கிற பெருங்காயத்தை யார் படிப்பார்கள்? ஊரார் கல்யாணப் பத்திரிகையில் புள்ளி விட்டுப்போனால் கண்டுபிடிக்கிற நான், என் வீட்டுச் சாம்பாரை ஒரு முறைகூடப் படிக்கவில்லை. டின்னோடு அப்படியே தரையில் குந்திவிட்டேன். கடைக்காரர் அரிசி மூட்டையின்மேல் என்னை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். "என்ன அண்ணாச்சி, விலை கூடுதலோ?" என்று அவர் பரிதாபமாகக் கேட்டதும் எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்துவிட்டன.

வீட்டில் மனைவியிடம் நின்றபடியே சொன்னேன். பாதி விலைக்கு ஆசைப்பட்டுப் பிள்ளைக்கு நானே ஊட்டியிருக்கிறேன் என்றேன். அவள் திட்டுவாள், திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன். அவள் அலமாரியைத் திறந்து, டின் வருவதற்கு முன்பு நாங்கள் வாங்கிக்கொண்டிருந்த சின்ன டப்பாவைத் தேடி எடுத்தாள். வெளிச்சத்தில் பிடித்துப் படித்தாள்.

"இதுலயும் அதேதான் இருக்கு, பாத்தியளா. இது நான் முழு விலைக்கு வாங்கினதாக்கும்." பிறகு மூச்சு விட்டு, "உங்க பிசினாறித்தனம் இல்லேன்னா அந்த ரெண்டு விலையையும் யாரு ஒத்துப் பாத்திருப்பா? அந்த நசுங்கல் கடைக்கு ஒரு கும்பிடு" என்றாள். நெஞ்சில் இருந்த கல் அப்போதுதான் கொஞ்சம் நகர்ந்தது.

சாம்பார்ப் பொடி, ரசப் பொடி, ஊறுகாய், பெருங்காயம் பட்ட எல்லாவற்றையும் அன்றே ஒழித்துக் கட்டினோம். வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த மகளின் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தேன். "நீ திங்கல்ல மக்ளே. அப்பாதான் தப்பு" என்றேன். "செரி" என்றாள், தலையை நிமிர்த்தாமல். அதோடு முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

தவணை முடிந்து வந்த சோதனைத் தாளை டாக்டரம்மா இரண்டு முறை பார்த்தார். அளவு பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. எடை ஒன்றரைக் கிலோ கூடியிருந்தது. மருந்தெல்லாம் வேண்டாம், இப்படியே போகட்டும் என்றார். வெளியே வந்து ஆஸ்பத்திரிப் படியில் நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். மனைவி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். எவ்வளவோ நாளாகச் சுமந்த பாரம் ஒரே நிமிஷத்தில் இறங்கியதில் எனக்குப் பசி எடுத்தது.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த மகள் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"அப்பா, இனி என் கவரத் திருப்பித் தருவியளா?"

"எந்தக் கவர் மக்ளே?"

"ஆரஞ்சுக் கவர். இப்போ டாக்டரே சொல்லியாச்சே, நான் திங்கல்லேன்னு."

இத்தனை நாளும் அவள் கேட்காமல் காத்திருந்திருக்கிறாள். நான் தரையில் உட்கார்ந்து சொன்னது அவளுக்குப் போதவில்லை. தாளில் எழுதி வரட்டும் என்று இருந்திருக்கிறாள். கவர் குப்பைக்குப் போய்விட்டது என்று சொல்லாமல், நாளைக்குத் தருகிறேன் என்றேன்.

மறுநாள் நசுங்கல் கடையில் ஆரஞ்சு கிரீம் பிஸ்கட் கேட்டேன். "அந்த பிஸ்கட் சட்டுனு வித்துப் போகும் அண்ணாச்சி, இஞ்ச வராது" என்றார். எதிரே இருந்த கடைக்குப் போய் முழு விலை கொடுத்து வாங்கினேன். உடம்பில் எங்கும் வலிக்கவில்லை. பிஸ்கட்டை அச்சகத்தில் எல்லோருக்கும் கொடுத்தேன்; என் கையிலிருந்து எதுவும் இலவசமாக வந்து பழக்கமில்லாததால் பயந்து பயந்து வாங்கினார்கள். கவரில் ஒரு துகள்கூட இல்லாமல் காய்ந்த துணியால் மூன்று முறை துடைத்தேன். அவள் மடித்திருந்தது போலவே நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.

மகள் அதைப் பிரித்து, கண்ணை மூடிக்கொண்டு முகர்ந்தாள். பிறகு என் மூக்கருகே நீட்டினாள்.

"மணக்குதுல்லா?"

"மணக்குது மக்ளே" என்றேன்.