தெர்சா தைத்த இரண்டு பட்டாளங்கள்

தெர்சா பிகர்ஸ்டாஃபுக்கு ஹெல்டர்ஷயர் பட்டாளத்தில் பதவி எதுவும் கிடையாது. பட்டாளத்துத் தையற்கூடத்தில் ஜன்னலோரத்து மெஷின் அவளுடையது, அவ்வளவுதான். ஆனால் இருபத்தெட்டு வருஷமாக அவள் கை படாத சட்டையோடு அந்த மாவட்டத்திலிருந்து எவனும் சண்டைக்குப் போனதில்லை. அவள் அப்பாவும் இரண்டு அண்ணன்களும் அதே பட்டாளம். கணவன் ஏபல் இத்தாலியில் ஓர் ஆற்றின் அக்கரையைப் பிடிக்கப் போய்ச் செத்ததும் அதே பட்டாளத்தில்தான். அங்கே மாவட்டத்துக்கு ஒரு பட்டாளம். ஒரே தெருவில் வளர்ந்தவர்கள் ஒரே வரிசையில் நிற்பார்கள். சாவுத் தந்தி வந்தாலும் ஒரே தெருவுக்கு அடுத்தடுத்து வரும்.

பக்கத்து மாவட்டம் வேன்ஷயர். அங்கேயும் ஒரு பட்டாளம். இவர்கள் அவர்களை ‘வாத்து’ என்பார்கள். அவர்கள் இவர்களை ‘ஆட்டுத் திருடன்’ என்பார்கள். இருநூறு வருஷப் பகை. எதனால் வந்தது என்று கேட்டால் ஆளுக்கொரு கதை.

1958இல் லண்டனிலிருந்து உத்தரவு வந்தது. படையைக் குறைக்கிறார்கள், இரண்டு பட்டாளமும் இனி ஒன்று. புதுப் பெயர், புதுக் கொடி. புதுக் கர்னல் டெலமேர், வேன்ஷயர்க்காரர். எழுநூறு சட்டைகளின் தோளிலிருந்து பழைய பட்டாளத்தின் பெயர்ப் பட்டையைப் பிரித்து, புதுசைத் தைக்க வேண்டும். தெர்சாவுக்கு மூன்று வாரம் கெடு.

முதல் நாளே தையற்கூட வாசலில் இரண்டு வரிசை. ஒருவன் பின்னால் இன்னொருவன் நிற்கமாட்டேன் என்றான்.

“அந்த வாத்தை அளந்த டேப்பால என்னைத் தொடாதீங்க அத்தை” என்றான் நெட் ஹாக்ஸ்வொர்த், இவள் தெருக்காரன்.

“அப்போ சட்டையில்லாம நில்லு. ராணுவ மந்திரி வந்து பார்த்து ரசிக்கட்டும்.”

இரண்டு வரிசையும் சேர்ந்து சிரித்தது. அன்றைக்கு அவர்கள் சேர்ந்து செய்த ஒரே காரியம் அதுதான்.

மூன்றாம் நாள் நெட் மறுபடி வந்தான். பிரித்துப் போட்ட தன் பட்டையைக் குவியலிலிருந்து தேடி எடுத்தான்.

“இதையெல்லாம் என்ன பண்ணுவீங்க அத்தை?”

“அடுப்புல போடச் சொல்லியிருக்காங்க.”

அவன் போகவில்லை. “உள்பக்கமா வச்சுத் தச்சிடுங்களேன். யாருக்குத் தெரியப்போகுது?”

ஏபலின் சட்டை வீட்டுக்கு வரவே இல்லை. தெர்சா வாசலை ஒருமுறை பார்த்துவிட்டு, சட்டையின் உள்துணியைப் பிரித்து, பட்டையை நெஞ்சுப் பக்கமாக வைத்துத் தைத்து மூடினாள்.

“வாயைத் திறந்தே, அதையும் தச்சிடுவேன்.”

நெட் திறந்துவிட்டான். சாயங்காலத்துக்குள் பதினொரு பேர் வந்தார்கள்.

அடுத்த வாரம் வேன்ஷயர் கார்ப்பரல் சைலஸ் ட்ரூ தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றான். “அவங்களுக்கு மட்டுந்தானாம்மா?”

தெர்சா கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். ஏபல் செத்த அன்று ஆற்றங்கரைக்கு உதவிக்கு வர வேண்டியது வேன்ஷயர் பட்டாளம். வரவில்லை. பதினாலு வருஷமாக அதை அவள் மறக்கவில்லை.

“நீ இத்தாலியில இருந்தியா?”

“இருந்தேன்மா. நாங்க வர்றதுக்கு முன்னாடியே எதிரிங்க பாலத்தை உடச்சிட்டாங்க. அக்கரையில உங்க ஆளுங்க சுடுற சத்தம் கேட்டுச்சு. நீந்திப் பார்த்தோம். நாப்பது பேரு போயிட்டாங்க, என் தம்பியும்.”

இதை அவளிடம் இதுவரை யாரும் சொன்னதில்லை. மெஷினிலிருந்த சட்டையை எடுத்து ஓரமாக வைத்தாள். பிறகு கையை நீட்டினாள். “சட்டையைக் கழட்டு.”

பட்டாளத்தில் ரகசியம் எத்தனை நாள் தங்கும்? ஒத்திகை அணிவகுப்பில் சார்ஜென்ட் மேஜர் கிம்பர் ஒருவனின் நெஞ்சைத் தட்டி நிமிர்த்தப்போய், கையில் தடிப்பாகத் தட்டுப்பட்டது. ஒரு மணி நேரத்தில் தெர்சா கர்னல் முன்னால் நின்றாள்.

“எத்தனை பேருக்குத் தச்சீங்க, மிஸஸ் பிகர்ஸ்டாஃப்?”

“ஆட்டுத் திருடங்க இருநூத்திப் பத்து, சார். வாத்துங்க நூத்தித் தொண்ணூறு.”

கிம்பர் இருமினார். தன் மாவட்டத்து ஆட்களும் அதில் இருப்பார்கள் என்று கர்னல் நினைக்கவில்லை.

“என் ஆளுங்களுக்குமா? எதுக்கு?”

“அவங்களும்தான் செத்திருக்காங்க, சார்.”

டெலமேர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். “வெளியில தடிப்பாத் தெரியக்கூடாது” என்றார். “மீதிப் பேருக்காவது ஒழுங்காத் தைங்க.”

அணிவகுப்பன்று ஊரே திரண்டது. புதுப் பெயரைச் சொல்லிக் கூவ யாருக்கும் நாக்கு வரவில்லை. ஒரு பக்கம் “ஹெல்டர்” என்றது, மறுபக்கம் “வேன்” என்றது. நடுவில் தெர்சா இரண்டுக்கும் சேர்த்துக் கை தட்டினாள்.

அதன்பின் ஒவ்வொரு நவம்பரிலும், போரில் செத்தவர்களை நினைக்கும் நாளன்று, சைலஸ் ட்ரூ பஸ் ஏறி வருவான். ஹெல்டர்ஷயர் நினைவுத் தூணில் ஏபல் பெயருக்குக் கீழே அவன் ஒரு சிவப்புப் பாப்பிப் பூ வைப்பான். அவள் குடை பிடிப்பாள். பிறகு அவள் வீட்டில் இறைச்சி பஃப்பும் தேநீரும். சாப்பிட்டு முடிக்கும்வரை வாத்து, ஆட்டுத் திருடி என்று ஒருவரையொருவர் வாரிக்கொண்டே இருப்பார்கள்.