இரவல் ஹெல்மெட்

பந்தயத் தடத்தில் முதன்முதலாகக் கார் ஓட்டப் போகிறேன் என்று ஒரு வாரமாகப் பட்டியல் போட்டு வேலை செய்தேன். பிரேக் ஆயிலை மாற்றினேன். டயர்களைச் சோதித்தேன். அபிராமபுரம் வீட்டு வாசலில் டிக்கியைக் காலி செய்தேன். ஹெல்மெட்டை மட்டும் அங்கேயே இரவல் வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

கொடுத்தார்கள். உள்பஞ்சு ஈரமாக இருந்தது. ஊசிப்போன தேங்காய் எண்ணெயும் யாரோ ஒருவரின் வியர்வையும் சேர்ந்து நாறின. மாட்டியதுமே குமட்ட, கழற்றிவிட்டேன்.

"ஹெல்மெட் இல்லாம உள்ள வுட மாட்டேம்மா," என்றார் தடத்தின் வாயிலில் நின்றவர்.

திரும்பிவிடலாமா என்று யோசித்தேன். எனக்குப் பின்னால் காத்திருந்த ராயப்பேட்டைப் பெண் நஸ்ரின் சிரித்தாள்.

"இன்னாக்கா, உள்ள எலி எதுனா கீதா? இத போட்டுக்கினு மாட்டுங்க."

அவள் நீட்டியது பர்தாவுக்குள் அணியும் பருத்தித் தொப்பி. துவைத்து மடித்திருந்தது. அதைப் போட்டதும் ஈரம் தோலில் படவில்லை, ஆனால் நாற்றம் போகவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு கிளம்பினேன். முதல் வளைவிலேயே பயத்தில் வியர்த்துக் கொட்டியது.

சுற்றை முடித்து இறங்கி, தொப்பியையும் தாண்டி நனைந்திருந்த ஹெல்மெட்டை வாயிலில் வைத்தேன். அதை எடுத்த இளைஞன் முகத்தைச் சுளித்தான்.

"அய்ய! எவன் தலைடா மச்சி இது?" என்றான் நண்பனிடம்.

நனைந்த தொப்பியைக் கைக்குள் சுருட்டிக்கொண்டேன். எனக்கு முன்னால் அதை மாட்டியவரும் பயத்தில்தான் வியர்த்திருப்பார்.

அந்த நாற்றத்தை நினைத்தால் இன்றும் அருவருக்கிறது. அதில் என்னுடையது எவ்வளவு என்றுதான் பிரிக்கத் தெரியவில்லை.