குழாயில் நின்ற நீலம்

கம்பவுண்டர் என்றால் மருந்து கலக்குபவன் என்று ஊர் நினைத்துக்கொண்டிருந்தது. எழுபதுகளில் திருத்தணியில் நான் பாதி நாள் காய்ச்சியது அடுத்தவர்களின் சிறுநீரை. கண்ணாடிக் குழாயில் நீல மருந்து ஊற்றி, அதில் எட்டுச் சொட்டு விட்டு ஸ்பிரிட் விளக்கில் காட்டுவேன். நீலமாகவே நின்றால் சர்க்கரை இல்லை. பச்சை வந்தால் கொஞ்சம் உண்டு. செங்கல் நிறம் வந்தால் ஏகத்துக்கும் உண்டு. சர்க்கரைக்காரர்களே, அந்த நிறத்துக்குக் காத்திருப்பது எப்படியென்று உங்களுக்குத் தெரியும்.

மிதி

அம்மையார்குப்பத்து நெசவாளர் வரதனுக்குச் செங்கல் நிறம். தினமும் நடக்கச் சொன்னார் டாக்டர். வரதனுக்கு வந்ததே கோபம்.

"காலையிலேர்ந்து தறிய மிதிச்சிகினேதான் கீறேன். அது நடையில்லையாங்க?"

மலைப்படி

டாக்டர் விடவில்லை. செவ்வாய்தோறும் பரிசோதனைக்கு வரும்போது மலைப்படி ஏறிவிட்டு வரச் சொன்னார். மாதக்கணக்கில் ஏறியும் செங்கல் அசையவில்லை. ஒருநாள் வரதன் சட்டையில் பஞ்சாமிர்தம் ஒட்டியிருந்தது. கேட்டேன். மனுஷன் மழுப்பவே இல்லை, நிஜமாகவே நம்பினார்.

"சாமி குடுத்தது ஒடம்புல சக்கரையாவாதுங்க."

குப்பு

சில வருஷம் கழித்து வரதனை அவர் மனைவி குப்பம்மா கையைப் பிடித்து அழைத்துவந்தார். சாப்பிட்டதை மறந்து மறுபடி சோறு கேட்கிறாராம். மனைவியையே யாரென்று கேட்கிறாராம். சர்க்கரை முற்றினால் மூளையின் ரத்தக்குழாயையும் கெடுக்கும், போனது திரும்புமோ தெரியாது, இருப்பதையாவது காப்பாற்றப் பார்க்கலாம் என்றார் டாக்டர். அந்த அம்மாள் காதில் விழுந்தது 'காப்பாற்றலாம்' மட்டும்தான்.

"குப்புன்னு ஒரு தபா கூப்ட்டா போதுங்க" என்றார் என்னிடம்.

நீலம்

வீட்டில் வெல்லம் ஒழிந்தது. சோறு குறைந்து கீரை கூடியது. தினமும் ஏரிக்கரையில் இருவரும் நடந்தார்கள். செவ்வாய்க்கிழமை மலையில் பிரசாதத்தைக் குப்பம்மாவே வாங்கி வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்.

கடைசியில் ஒரு செவ்வாய், குழாய் நீலமாகவே நின்றது. அந்த நீலம் எல்லாவற்றையும் திருப்பிக் கொண்டுவந்துவிடாதா என்று நானும் ஏங்கினேன். குப்பம்மா புடவையைச் சரிசெய்துகொண்டு கணவர் எதிரே வந்து நின்றார். "இப்ப கேளுங்க, நான் யாருன்னு" என்றார் என்னிடம். கேட்டேன். வரதன் வெகுநேரம் அவர் முகத்தைப் பார்த்தார்.

"பேரு தெரியலீங்க. தெனம் என்கூட நடக்கறாங்க. இவங்க இல்லாம நான் எங்கியும் போவமாட்டேன்."

இப்போது என் குழாயும் பச்சை காட்டுகிறது. அதனால் காரணமே இல்லாமல் நாளுக்கு நாலு தரம் மனைவியைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுத் திட்டு வாங்கிக்கொண்டிருக்கிறேன்.