உள்ளங்கை அகலப் புண்

விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் அவர் போர்மேன். நகக்கண்களில் அலுமினியப் பொடியின் சாம்பல் நிறம் ஏறிப்போயிருந்தது. தீக்காய வார்டில் மனைவியிடம் போகுமுன் ஒவ்வொரு முறையும் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவுவார். அவள் புண்ணில் இருந்த கிருமிக்கு எந்த மருந்தும் கேட்கவில்லை.

அந்தக் கிருமியை ஆராய்ச்சிக்காக எடுக்கப் போனவள் நான். தூத்துக்குடிக் கடற்சேற்றில் வாழும் பாக்டீரியா சுரக்கும் ஒரு சின்னப் புரதம் அதைக் கொன்றது. கிருமியை வளர்த்த சோதனைத் தட்டின் படத்தைச் சந்தோஷத்தில் போனில் அவரிடம் காட்டிவிட்டேன். புரதத் துளி விட்ட இடம் மட்டும் வட்டமாகத் தெளிந்திருந்தது.

"இங்கன கிருமி இல்லையா தாயி?"

"இல்ல அண்ணாச்சி."

"அவளுக்கு ஆறாத புண்ணு உள்ளங்கை அகலந்தான். அம்புட்டுக்கு மட்டும் குடுங்களேன்."

"இது இன்னும் மருந்தாகலை. மனுசங்களுக்குக் குடுக்க வருசக்கணக்காகும்."

அவர் போனைத் திருப்பித் தந்தார். "சரி. நீங்க விட்றாதீக."

அடுத்த வாரம் போனபோது அந்தப் படுக்கையில் வேறொருவர் இருந்தார். கிருமி ரத்தத்தில் ஏறி அவர் மனைவி இறந்துவிட்டதாக நர்ஸ் சொன்னார்.

இப்போது அந்தப் புரதத்தால் எலிகளின் புண் ஆறுகிறது. அவரிடம்தான் முதலில் சொல்லத் தோன்றுகிறது. ஆனால் என்னிடம் இருப்பது அவர் மனைவியின் புண்ணில் எடுத்த மாதிரியின் எண் மட்டுமே.