கோட்டக்காவும் முதுகு முறிந்த கப்பலும்

கோட்டக்கா துறைமுக அலுவலகத்துக்குப் போனது அன்றோடு நான்காவது முறை. முதல் மூன்று முறையும் அதிகாரி மீட்டிங்கில் இருந்தார். இந்த முறை சாப்பாட்டு டப்பாவோடு போய், அறை வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்.

முப்பத்திரண்டு வருடம் போட்டோ ஸ்டுடியோவில் வேலை பார்த்தவர். விண்ணப்பப் படத்துக்குக் கோட்டு இல்லாமல் வருகிறவர்களுக்கு, பிரிண்டின் மேல் பிரஷ்ஷால் கோட்டு வரைந்து கொடுப்பார். பட்டப்பெயர் அப்படி ஒட்டிக்கொண்டதுதான்.

பிரச்சினை ஒரு படம். துறைமுகத்தின் பழைய கிடங்கில் கண்காட்சிக் கூடம் கட்டியிருக்கிறார்கள், வெள்ளிக்கிழமை திறப்பு. நுழைந்ததும் சுவர் முழுக்க, விக்டோரியா ராணி காலத்து நீராவிக் கப்பல் ஒன்று மணல் திட்டில் ஏறி இரண்டாக உடைந்து கிடக்கிறது. முன்னால் கோட்டு போட்ட பதினோரு பேர் வேடிக்கை பார்க்கிறார்கள். கீழே, கப்பலுக்கு வழிகாட்டித் துறைமுகத்துக்குள் அன்று ஓட்டிவந்த பைலட்டின் பெயர். அவர் கோட்டக்காவின் கொள்ளுத்தாத்தா.

"தரை தட்டினாரு, இல்லேன்னு சொல்லலை. ஆறு மணி நேரத்துல கடல் தண்ணி ஏறுனதும் கப்பல் மிதந்து போயிடுச்சு. உடைச்சது அவர் இல்லை" என்பது வீட்டில் நாலு தலைமுறையாகச் சொல்லிவரும் பேச்சு.

அலுவலகக் குறிப்பேட்டில் அந்த வருடம் இரண்டு கப்பல்கள் தரை தட்டியிருக்கின்றன. வடக்குத் திட்டில் தட்டியதில் கொள்ளுத்தாத்தா இருந்தார். தெற்குத் திட்டில் தட்டியது, பைலட்டுக்குக் காத்திராமல் கேப்டனே அவசரப்பட்டு நுழைத்த கப்பல். இரண்டில் எது உடைந்தது? அந்தப் பக்கத்தைப் பூச்சி தின்றுவிட்டது. படத்தின் இடது ஓரத்தில் துறைமுகத்தின் அலைத் தடுப்புச்சுவர் தெரிவதால் இது வடக்குத் திட்டு என்று அதிகாரி முடிவு கட்டிவிட்டார். தெற்கில் என்றால், கரையிலிருந்து பார்க்கச் சுவர் வலப்பக்கம் இருக்கும்.

"அவர் செத்து நூறு வருஷம் ஆச்சு. அவரே கேஸ் போடலை, நீ எதுக்குடி அலையுறே?" என்று காலையில் கணவர் கேட்டார்.

"உங்க தாத்தா பேரை அந்தச் சுவர்ல போடட்டும், அப்புறம் பேசுங்க" என்று செருப்பை மாட்டினார் கோட்டக்கா.

பன்னிரண்டு மணிக்கு அதிகாரி வெளியே வந்தார்.

"மேடம், மனு குடுத்துட்டுப் போங்க."

"மூணு குடுத்தாச்சு, சார். நாலாவதையும் அதே ஃபைல்லதானே தூங்க வைப்பீங்க? இந்தாங்க, இதைப் பாருங்க." படத்தின் சின்னப் பிரிண்டையும் பூதக்கண்ணாடியையும் நீட்டினார். "கோட்டைப் பாருங்க."

"கோட்டுதான். அதுக்கென்ன?"

"ஆம்பளைக் கோட்டுல இடப்பக்கத் துணிதான் மேல வரும். நீங்க போட்டிருக்கிறதைக் குனிஞ்சு பாருங்க. இதுல எல்லாருக்கும் வலப்பக்கத் துணி மேல வருது. பதினோரு பேரும் அன்னிக்குப் பொண்டாட்டி கோட்டை மாட்டிக்கிட்டா கப்பல் பார்க்க வந்தாங்க?"

அதிகாரி குனிந்து தன் பித்தானைப் பார்த்தார். பிறகு பூதக்கண்ணாடி வழியாக வெகுநேரம் படத்தைப் பார்த்தார்.

"கண்ணாடித் தகடு நெகட்டிவைத் திருப்பிப் போட்டு ஸ்கேன் பண்ணியிருக்கீங்க. அதான் இடம் வலமா மாறிடுச்சு. மருந்து பூசின பக்கம் மங்கலா இருக்கும், மத்தப் பக்கம் பளபளக்கும். எடுத்துட்டு வாங்க, காட்டறேன்."

நெகட்டிவ் இருந்த பீரோவின் சாவியை வைத்திருந்தவர் விடுப்பில் இருந்தார். மாற்றுச் சாவிக்கு ஒரு கையெழுத்து, அந்தக் கையெழுத்துக்கு இன்னொரு கையெழுத்து. கோட்டக்கா டப்பாவைத் திறந்து சாப்பிட்டு முடித்தார். மூன்றரைக்குத் தகடு வந்தது. அதன் ஓரத்தை மட்டும் பிடித்து, பளபளப்பான பக்கம் தன்னைப் பார்க்க ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கினார். தடுப்புச்சுவர் வலப்பக்கம் இருந்தது.

அதிகாரி கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். "தெற்குத் திட்டுதான்" என்றார். உடனே அச்சகத்துக்கு போன் போட்டுப் படத்தைத் திருப்பி அடிக்கச் சொன்னார். அவசரக்காரக் கேப்டனின் பெயர் உள்ளே போனது. கொள்ளுத்தாத்தாவின் பெயர் வெளியே வந்தது.

"திருப்திதானே மேடம்?"

"பக்கத்துல சின்னதா ஒரு வரி போடுங்க சார். இன்னொரு கப்பலும் தட்டுச்சு, அதை இவர் ஆறு மணி நேரத்துல பத்திரமா மீட்டாருன்னு."

"தாராளமாப் போடலாம். அதுக்குப் போட்டோ இருக்கா?"

கோட்டக்கா காலி டப்பாவைப் பையில் திணித்தார்.

"மிதந்து போன கப்பலை எவன் சார் போட்டோ எடுப்பான்?"