பால்கனியில் வைத்த சோறு

இரண்டு ஆண்டுகளுக்கு முன், தில்லிவாசிகள் மின்விசிறியை நிறுத்திவிட்டுப் போர்வையைத் தேடத் தொடங்கும் பருவத்தில், ஜனக்புரியில் உள்ள எங்கள் வீட்டில் நடந்தது இது. என் மனைவி காலமாகிச் சில மாதங்களே ஆகியிருந்தன. கல்லூரியில் இயற்பியல் கற்பித்து ஓய்வுபெற்ற நான், பேசுவதற்கு ஆள் இல்லாததை ஒரு வசதியாகவே பழகிக்கொண்டிருந்தேன்.

கீழ்வீட்டுப் பெண் தில்லியில் பிறந்து வளர்ந்தவர், பள்ளி ஆசிரியை. கைவிடப்பட்ட நாய்களை மீட்கும் குழு ஒன்றிலும் இருந்தார். ஒரு மாலை, பழைய சால்வையில் எதையோ சுற்றி ஏந்தியபடி வந்து நின்றார்.

"மாமா, ஒரே ஒரு வாரம், பக்கா. எங்க வீட்ல ஆல்ரெடி மூணு இருக்கு. இன்னொண்ணு வந்தா மாமியார் என்னையும் சேர்த்து வெளில அனுப்பிடுவாங்க."

சால்வைக்குள் ஒரு பெண் நாய். பக்கத்துத் தெருவில் குடியிருந்தவர்கள் அதைப் பால்கனியில் சங்கிலியால் கட்டி வைத்திருந்து, வீட்டைக் காலி செய்தபோது அப்படியே விட்டுச் சென்றிருந்தனர். மேல்மாடியிலிருந்து யாரோ அவ்வப்போது எறிந்த ரொட்டியில் உயிர் தங்கியிருந்தது. கழுத்தில் சங்கிலி அறுத்த புண். விலா எலும்புகளின் மீது தோலைத் தவிர வேறொன்றும் இல்லை. எதிர்வீட்டுப் பஞ்சாபிக்காரர் எட்டிப் பார்த்து, "புரொஃபசர் சாப், இது நாயா, எக்ஸ்ரேயா?" என்று இந்தியில் கேட்டார்.

புண் மருந்தில் ஆறிவிடும், ஆனால் தானாகச் சாப்பிடத் தொடங்காவிட்டால் பிழைக்காது என்றார் கால்நடை மருத்துவர்.

அது சாப்பிடவில்லை. பால் சோறு, தயிர் சோறு, ரொட்டி எதையும் தொடவில்லை. முட்டைகூட நுழைந்திராத எங்கள் வீட்டுக்குள் ஆசிரியை கோழியை வேகவைத்துக் கொண்டுவந்தார். நானும் மறுப்புச் சொல்லவில்லை. கிண்ணத்தை அருகில் வைத்ததும் நாய் சுவரை நோக்கி முகத்தைத் திருப்பிக்கொண்டது.

அந்தத் திருப்பலை நான் அறிவேன். மருத்துவமனையில், கடைசி வாரங்களில், நான் நீட்டிய கஞ்சிக் கரண்டியை என் மனைவி அவ்வாறுதான் மறுத்தாள். இன்னொரு முறை அதைக் காண என்னால் இயலாது. ஆசிரியையை அழைத்து, நாயை எடுத்துச் சென்றுவிடுமாறு கேட்டுக்கொண்டேன்.

"நாளைக்கு வந்து எடுத்துக்கறேன் மாமா. நீங்க முடிஞ்சவரைக்கும் பார்த்தீங்க இல்ல, அது போதும்," என்றார். மருத்துவமனை வாசலிலும் இதையே பலர் சொல்லியிருந்தார்கள்.

மறுநாள் சமைத்து முடித்து, வழக்கம்போல் காகத்துக்கு வைக்கப் பால்கனிக்குச் சென்றேன். மனைவி போனதிலிருந்து அவளுக்காக அதை நாள் தவறாமல் செய்துவந்தேன். செடி பட்டுப்போனதால் கவிழ்த்துப் போட்டிருந்த தொட்டியின் மீது, பருப்பும் நெய்யும் கலந்த ஒரு பிடி சோறு. வேலை முடிந்ததும் கதவைத் தாழிட்டுவிடுவேன். பால்கனியில் வதைபட்ட நாய்க்கு இன்னொரு பால்கனி கண்ணில் படக் கூடாது என்று நானாகவே முடிவு செய்திருந்தேன். அன்று தொலைபேசி மணி அடித்ததால் தாழிட மறந்து உள்ளே வந்துவிட்டேன்.

திரும்பிச் சென்றபோது, நடுங்கும் கால்களில் நின்றபடி நாய் அந்தச் சோற்றைத் தின்றுகொண்டிருந்தது.

தடுக்க என் கை நீண்டது உண்மைதான். அது அவளுக்கென்று வைத்த சோறு அல்லவா. ஆனால் அதே கை உள்ளே சென்று இன்னொரு பிடி எடுத்துவந்து தொட்டியின் மீது வைத்தது. அதுவும் தீர்ந்தது. மூன்றாவது முறை, வைக்கும்வரை அது காத்திருக்கவில்லை. என் விரல்களிலிருந்தே எடுத்துக்கொண்டது. காகத்துக்கு மறுபடி சோறு வடித்தேன்.

நாயை எடுத்துப்போக வந்த ஆசிரியை பால்கனி வாசலில் நின்று பார்த்தார். பிறகு, "அச்சா... மாமா, இவளுக்கு இதுதான் டைனிங் ரூம். மேலேர்ந்து ரொட்டி விழுந்தது இந்த மாதிரி இடத்துலதானே. நாமதான் கதவைச் சாத்தி வச்சிருக்கோம்," என்றார். கொண்டுவந்த சால்வையை வெறுமனே மடித்து எடுத்துக்கொண்டு போனார்.

ஒரு வாரம் ஒரு குளிர்காலமாக நீண்டது. புண் மூடியது, மயிர் பழுப்பு நிறத்தில் அடர்ந்து வளர்ந்தது. படிகளில் நான் தூக்கிச் சென்ற பிராணி, பின்னர் எனக்கு முன்னால் இறங்கிக் கீழே காத்து நின்றது. ஜனவரியில் ஒருநாள், பூங்காவில் வெயில் காய்ந்துகொண்டிருந்த எதிர்வீட்டுக்காரரின் கையிலிருந்து, அவர் காலை உணவாக வைத்திருந்த ஆலு பராத்தாவைப் பறித்துக்கொண்டு ஓடியது. அவர் பின்னால் துரத்தி, மூச்சு வாங்கத் திரும்பி வந்து, "சாப், உங்க மேடம் என் நாஷ்தாவையே முடிச்சுட்டாங்க," என்று சிரித்தார். டப்பாவில் மிச்சமிருந்ததையும் அவரே பிய்த்துப் போட்டார். மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டிய நான், வெட்கமின்றிப் பெருமிதத்துடன் நின்றிருந்தேன்.

குளிர் விலகியதும் மோதி பாக் பகுதியில் வசிக்கும் ஒரு குடும்பம் அதைத் தத்தெடுத்தது. கார்க் கதவு திறந்ததும் தானே தாவி ஏறியது. என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. இதைக் கேட்பவர்கள் எனக்காக வருந்துகிறார்கள். அதற்கு அவசியமில்லை. சங்கிலியில் கிடந்த ஓர் உயிர், அந்நியர் காரில் அச்சமின்றி ஏறிற்று. நான் பெற்ற பட்டங்களில் எதுவும் எனக்கு இவ்வளவு நிறைவைத் தந்ததில்லை.

மனைவி உண்ண மறுத்த நாட்களில் என் கையில்தான் ஏதோ குறை என்று நம்பியிருந்தேன்; இப்போது அந்தக் கையை நான் குறை கூறுவதில்லை.